குளியலறையில் தேள்: குழந்தை இருக்கும் வீட்டில் எதற்குப் பயப்படுவது, எதற்கு வேண்டாம்

நீங்கள் எழுத்தில் கேட்டிருப்பது "இது என்ன தேள், கொட்டினால் உயிர் போகுமா?" என்று. சென்னையில் அடுக்குமாடி வீட்டிலேயே வளர்ந்தவர். கணவரின் மாற்றலால் கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பை ஒட்டிய பழைய ஓட்டு வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. முந்தாநாள் இரவு குளியலறையில் வாளியை நகர்த்தினால் அடியில் சிவந்த பழுப்பு நிறத்தில் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. விளக்குமாறு எடுத்து வருவதற்குள் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் போய்விட்டது. வாழ்க்கையில் முதன்முதலாக உயிரோடு ஒரு தேளைப் பார்த்திருக்கிறீர்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை, நான்கு வயது மகளைத் தரையில் இறக்கிவிடவும் மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா "இங்கெல்லாம் சகஜம்மா, புளியங்கொட்டையை உரசி வச்சா சரியாப் போயிடும்" என்கிறார். வீட்டு உரிமையாளர் மருந்து அடித்தால் போதும் என்கிறார். ஆக, தேளின் பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடாது. இந்த வீட்டில் குழந்தையோடு இருக்கலாமா, இருந்தால் எதைக் கவனிப்பது, ஒருவேளை கொட்டிவிட்டால் எந்த நேரத்தில் என்ன செய்வது, இதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் குழந்தை மருத்துவர். உங்கள் பக்கத்து வறண்ட மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். கோடை தொடங்கியதும் தேள் கொட்டிய குழந்தைகள் வரத் தொடங்குவார்கள். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் அடுத்த சில இரவுகள் சொல்லவே வேண்டாம். விலங்கியல் படித்தவன் இல்லை, அதனால் தேளின் உட்பிரிவுகளைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டிய பிறகு உடம்புக்குள் நடப்பதைப் பற்றிச் சொல்வதை முழுதாக நம்பலாம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

நீங்கள் பார்த்தது எது? படம் இல்லாமல், சில நொடி பார்த்ததை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விஷயங்கள், சிவந்த பழுப்பு நிறம், விரல் நீளம், "முன்னங்கை மெலிசாக இருந்தது", மூன்றும் சேர்ந்தால் செந்தேளாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் பயப்படுவது முக்கியமாக இந்த ஒன்றுக்குத்தான். முழு நீளம் ஐந்திலிருந்து ஒன்பது சென்டிமீட்டர்வரை இருக்கும். ஆரஞ்சு கலந்த மஞ்சளிலிருந்து செம்பழுப்புவரை நிறம் மாறும், முதுகில் கருஞ்சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான வரிகள் ஓடும். கிடுக்கி மெலிந்தும் வால் தடித்தும் இருக்கும். பார்க்க ஒன்றும் பயங்கரமாக இருக்காது. மங்கலான விளக்கு வெளிச்சத்தில் காய்ந்த இலைத்துண்டு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம்.

பார்த்தவுடன் ஈரக்குலை நடுங்க வைப்பது நட்டுவாக்காலிதான். கரிய நிறம், நண்டைப் போன்ற கனத்த கிடுக்கிகள், பெரியது ஒரு சாண் நீளம்கூட வரும். மழைக்காலத்தில் தோப்பில் கல்லைப் புரட்டினால் நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள். அது கொட்டினால் வலிக்கும், வீங்கும், ஓரிரு நாள் கடுக்கும். அதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இரையைக் கிடுக்கியாலேயே நசுக்கிப் பிடிக்கும் பலம் இருப்பதால் அதற்கு வீரியமான விஷம் தேவைப்படவில்லை. மெலிந்த கிடுக்கி உள்ளதுதான் விஷத்தை நம்பிப் பிழைக்கிறது. கிடுக்கி பெருத்து வால் சிறுத்திருந்தால் ஆபத்து குறைவு, கிடுக்கி சிறுத்து வால் தடித்திருந்தால் எச்சரிக்கை என்ற இந்தக் கணக்கு நம் ஊர்த் தேள்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். விதிவிலக்கு உண்டு. ஈரானில் கிடுக்கி தடித்த ஒரு வகை ஆட்களைக் கொன்றிருக்கிறது. நம் பக்கத்திலும் வீட்டுச் சுவரிலும் மரப்பட்டையிலும் திரியும் சிறிய, மெலிந்த கிடுக்கி உள்ள வேறு சில தேள்கள் உண்டு. அவை கொட்டினால் பெரும்பாலும் வலியோடு போய்விடும். அதனால் இந்தக் கணக்கைப் பயத்தைக் குறைத்துக்கொள்ளப் பயன்படுத்துங்கள். கொட்டிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இதைப் பயன்படுத்தாதீர்கள். நிறத்தை மட்டும் வைத்துச் சொல்வது இன்னும் நம்பகமில்லாதது. வயதுக்கும் இடத்துக்கும் ஏற்ப நிறம் மாறும்.

அது ஏன் குளியலறைக்கு வந்தது என்றால், கரப்பான் பூச்சிக்காக. பழைய வீடுகளில் கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு இருக்காது, நேராக வெளிச் சாக்கடைக்குப் போகும். கரப்பான் அந்த வழியாக வரும், பின்னாலேயே இதுவும் வரும். பகலெல்லாம் செங்கல் அடுக்கு, விறகு அடுக்கு, காய்ந்த தென்னை மட்டைக் குவியல், கல் சுவரின் இடுக்கு, ஓட்டின் அடி என்று ஒடுங்கிக் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு இரை தேடிக் கிளம்புவது அதன் வழக்கம். கண்கள் இருந்தாலும் பார்வையை நம்பி வாழ்வதில்லை. கால்களில் தரையின் அதிர்வை உணரும் உறுப்புகளும், கிடுக்கியில் காற்றின் அசைவை உணரும் மெல்லிய மயிர்களும் உண்டு. நீங்கள் வாளியைத் தூக்கிய அந்தக் கணத்தில் அதற்குத் தெரிந்தது ஒரு பெரிய அதிர்வும் திடீரென்று வந்த வெளிச்சமும்தான். வாலைத் தூக்கியது உங்களைத் தாக்க இல்லை. தேள் ஆளைத் துரத்தி வந்து கொட்டுவதில்லை. கை பட்டால், மிதித்தால், உடம்புக்கும் துணிக்கும் நடுவே சிக்கினால் கொட்டும். நான் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்குக் கொட்டுப்பட்டது கையிலோ காலிலோதான். செருப்புக்குள், தரையில் விரித்த பாய்க்கு அடியில், கொடியிலிருந்து எடுத்து உதறாமல் போட்ட சட்டைக்குள், விறகு எடுக்கப் போன இடத்தில்.

இன்னும் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அடித்தால் அதன் ஜோடி தேடி வரும் என்பது கதை. தேள் தனியாகத் திரியும் ஜாதி, இணை சேரும் நேரம் தவிர இன்னொரு தேளைக் கண்டால் தின்னவும் தயங்காது. ஆனால் ஒரு தேளுக்கு வசதியான இடம் பத்துத் தேளுக்கும் வசதியான இடம்தான். தாய்த்தேள் முட்டையிடாமல் குட்டி போடும். வெள்ளை வெளேரென்ற குட்டிகள் முதல் தோல் உரிக்கும்வரை தாயின் முதுகில் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கும். அவை தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும் என்று உங்கள் பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. நெருப்பு வளையத்துக்குள் விட்டால் தன்னையே கொட்டிக்கொண்டு சாகும் என்பதும் இல்லை. சூட்டில் துடிப்பது அப்படித் தெரிகிறது, தன் விஷம் தன்னை அநேகமாக ஒன்றும் செய்யாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செந்தேளின் விஷம் நரம்புகளில் சோடியம் உள்ளே போகும் கதவுகளை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓய்வில்லாமல் தூண்டப்பட்டு, உடம்பில் அட்ரினலினும் அதன் கூட்டாளிகளும் வெள்ளமாகப் பாய்கின்றன. முதலில் வாந்தி, எச்சில் ஒழுகல், குப்பென்று வியர்வை. அடுத்து இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கை கால் சில்லிட்டுப் போகும், இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். அந்தச் சுருங்கிய குழாய்களை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைத்துவிட்டால், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறும். உயிர் போவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். இவ்வளவும் கொட்டிய அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடலாம். விஷத்தின் அளவு பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒன்றுதான். பன்னிரண்டு பதினான்கு கிலோ உடம்புக்கு அது அதிகம். குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதற்கு முக்கியமான காரணம் இந்தக் கணக்குதான்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மகாராஷ்டிராவின் கொங்கண் பகுதியில், ராய்கட் மாவட்டத்து மஹாட் பக்கம், பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1970களில் டியூட்டிக்குப் போன இளம் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். செந்தேள் கொட்டியவர்கள் நுரையீரலில் நீர் கோத்து இறப்பதைத் தொடர்ந்து பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரி வசதி எதுவும் இல்லாத இடத்தில், நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, மணிக்கு மணி என்ன மாறுகிறது என்று குறித்து வைத்தார். சுருங்கிய இரத்தக் குழாயை விரித்துவிட்டால் இதயம் பிழைத்துக்கொள்ளும் என்று யோசித்து, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரையைப் பயன்படுத்தினார். 1986இல் இது லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. அதற்கு முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் அளவுக்கு இறந்துகொண்டிருந்த இடத்தில், பிறகு இறப்பு மிக அரிதாகிவிட்டது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாங்கள் படிக்கும்போது தேள் விஷத்துக்கு என்று பாடப்புத்தகத்தில் இருந்ததைவிட, வார்டில் கைகொடுத்தது அந்த மாத்திரைதான். செந்தேளைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இருந்த பயம் அன்றைக்கு நியாயமானது. இன்றைக்கு அந்தப் பயம் முழுதும் தேவையில்லை, ஒரே ஒரு நிபந்தனையோடு: நேரத்தோடு வந்து சேர வேண்டும்.

அந்த நேரத்தை வீணாக்குவது எது என்றால், பெரும்பாலும் தவறான அறிகுறியைப் பார்த்துக்கொண்டிருப்பது. எல்லாரும் வலியைப் பார்க்கிறார்கள். "அழுகையை நிறுத்திட்டான் சார், சரியாப் போச்சுன்னு நினைச்சோம்" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. வலி உயிர்கொல்லி இல்லை. வீட்டையே கூட்டும் அளவுக்குக் கத்திக்கொண்டு, உள்ளங்கால் வெதுவெதுப்பாக இருக்கும் குழந்தையைப் பார்த்து நாங்கள் அவ்வளவு பதறுவதில்லை. வலி அதிகமில்லை, ஆனால் தலைமுடி ஈரமாகும் அளவுக்கு வியர்வை, இரண்டு தடவை வாந்தி, பாதம் சில் என்று இருக்கிறது என்றால் உடனே படுக்கையில் போட்டு ஆக்சிஜனும் மானிட்டரும் கேட்போம். தேள் கொட்டிய குழந்தையைத் தூக்கி வந்ததும் என் கை முதலில் போவது கொட்டிய இடத்துக்கு இல்லை, பாதத்துக்கு. பிறகு நெற்றிக்கும் பிடரிக்கும். பையனாக இருந்தால் டவுசரை விலக்கிப் பார்ப்போம்; ஆண்குறி விறைத்திருந்தால் விஷம் உடம்பில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பெற்றோர் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடும் விஷயம் இது, தயவுசெய்து சொல்லுங்கள்.

நீங்கள் பார்க்காத நேரத்தில் கொட்டியிருந்தால் எப்படித் தெரியும்? தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று வீறிட்டு எழுந்து, சமாதானமே ஆகாமல் அழுது, வியர்த்து வாந்தி எடுத்தால் வயிற்றுவலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். செந்தேள் கொட்டிய இடத்தில் பல நேரம் பெரிய வீக்கமோ தடமோ இருக்காது. ஆனால் சந்தேகமான இடத்தில் விரல் நுனியால் லேசாகத் தட்டினால் குழந்தை வெடுக்கென்று கையையோ காலையோ இழுத்துக்கொள்ளும். வேறு இடத்தில் தட்டினால் இழுக்காது. வார்டில் நாங்களும் இதைத்தான் செய்து பார்ப்போம்.

கொட்டிவிட்டால் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலில் மோதிரம், காலில் கொலுசு, கையில் வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். துணியில் சுற்றிய ஐஸைக் கொஞ்ச நேரம் விட்டு விட்டு வைக்கலாம், வலிக்கு இதமாக இருக்கும். குழந்தையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள், 108ஐ அழையுங்கள், அல்லது எந்த வண்டி முதலில் கிடைக்கிறதோ அதில் ஏறுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. மணி என்ன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "எத்தனை மணிக்குக் கொட்டியது" என்பதுதான் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. தேளை அடித்து டப்பாவில் போட்டுக் கொண்டுவர வேண்டும் என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள். போனில் ஒரு படம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வைத்தியம் மாறாது. குழந்தையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

புளியங்கொட்டைக்கு வருகிறேன். கல்லில் உரசிச் சூடாக வைத்தால் ஒட்டிக்கொள்ளும், விஷத்தை உறிஞ்சிவிட்டுத் தானே விழும் என்பார்கள். வெங்காயம் தேய்ப்பது, சுண்ணாம்பு தடவுவது, பார்வை பார்த்து மந்திரிப்பது எல்லாமே எங்கள் வார்டுக்கு வரும் குழந்தைகளின் தோலில் அடையாளம் விட்டிருக்கும். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த பத்துப் பேரில் பெரும்பாலோருக்குச் சரியாகிப் போயிருக்கும், ஏனென்றால் தேள் கொட்டியவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் செய்யாவிட்டாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். சில நேரம் கொட்டினாலும் விஷம் இறங்குவதே இல்லை. பிரச்சினை மீதி இருக்கும் அந்தச் சிலர். அவர்களை மந்திரம் காப்பாற்றாது. கொட்டை கெடுதல் செய்யாது, அதற்காகக் காத்திருக்கும் இரண்டு மணி நேரம் செய்யும். அவர் மனம் நோகாமல் இருக்க வேண்டும் என்றால் வண்டியில் போகும்போதே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் உங்களுக்குப் பதற்றம் குறையும். வலி தாங்க முடியாவிட்டால் கொட்டிய இடத்தைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். மேலே சொன்ன அறிகுறி ஏதாவது இருந்தால் எடைக்குத் தகுந்தபடி பிரசோசினைக் கொடுத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, கை கால் சூடாகி வியர்வை உலரும்வரை திரும்பக் கொடுப்பது வழக்கம். முதல் மாத்திரைக்குப் பிறகு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். அதனால் குழந்தையை எழுப்பி உட்கார வைக்கவோ தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளவோ கூடாது என்று நர்ஸ் அதட்டுவார், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே காரணத்தால் இந்த மாத்திரையை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு நீங்களாகக் கொடுப்பதும் ஆபத்து. ஒன்றும் இல்லை, நன்றாக விளையாடுகிறாள் என்றாலும் சிறு குழந்தையை ஒரு நாள் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவோம். நடு ராத்திரியில் "சரியாப் போச்சே, கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

தேளுக்கு விஷமுறிவு மருந்து உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு, மும்பையில் ஹாஃப்கின் என்ற மருந்து நிறுவனத்தில் தயாராகிறது. அதைப் பற்றிய வாதம் நீண்ட காலம் ஓடியது. 2011இல் பாவஸ்கர் தம்பதியே மஹாடில் 70 நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, மாத்திரையோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று வெளியிட்டார்கள். கொட்டி வெகுநேரம் கழித்து, நுரையீரலில் நீர் கோத்த பிறகு வருபவர்களுக்கு அது எவ்வளவு உதவும் என்பதில் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் அது இருக்காது. இல்லை என்பதற்காக மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பாம்புக்கடிக்குப் போடும் மருந்து தேளுக்கு வேலை செய்யாது, அதைப் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் குழந்தைகளைப் பார்க்கிறார்கள், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒரு பகல் நேரத்தில் போய் விசாரித்து வைத்துக்கொள்வது இந்த முழுப் பதிலையும் படிப்பதைவிட அதிக பலன் தரும்.

ஒரு எச்சரிக்கை, தேளைவிட முக்கியமானது. இருட்டில் ஏதோ கடித்தது, கண்ணால் பார்க்கவில்லை, பெரிய வலியும் இல்லை என்றால் "தேளோ பூரானோ" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவர்களை இரவில் கடிக்கும், பல நேரம் வலியே இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. கண் இமை தானாக இறங்குவது, பேச்சு குழறுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, காரணமில்லாத வயிற்றுவலி இதெல்லாம் அதன் அடையாளம். இரண்டுக்கும் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றேதான்: கிளம்புவது.

இனி வீடு. குளியலறை ஓட்டைக்கு நெருக்கமான துளையுள்ள எவர்சில்வர் ஜாலி மூடி இன்றே வாங்கிப் போடுங்கள். அது போன வழி அதுதான். வாசல் கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். சுவரை ஒட்டி அடுக்கியிருக்கும் விறகு, பழைய ஓடு, செங்கல், தென்னை மட்டை எல்லாவற்றையும் வீட்டிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தள்ளும் ஆள் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. குழந்தையைக் கட்டிலில் படுக்க வையுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு அடி நகர்த்துங்கள், போர்வை தரையில் தொங்கக் கூடாது, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகுங்கள். கொசு, தேள், கட்டுவிரியன் மூன்றுக்கும் அந்த ஒரு வலை போதும். செருப்பையும் ஷூவையும் தட்டிவிட்டுப் போடும் பழக்கத்தை மகளுக்கு இப்போதே விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். இரவில் பாத்ரூம் போக விளக்கைப் போடாமல் யாரும் இறங்க வேண்டாம். வீட்டு உரிமையாளர் சொல்லும் மருந்து நேரடியாக மேலே பட்டால் கொல்லும். சுவரோரம் அடித்துக் காய்ந்த மருந்தை நடந்து கடக்கும் தேளுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. கரப்பான் குறைந்தால் தேளும் குறையும் என்ற அளவில் அதற்குப் பலன் உண்டு. ஃபினாயில் வாசத்துக்கு வராது, பூண்டுப் புகைக்கு ஓடிவிடும் என்பதையெல்லாம் நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். நாட்டுக்கோழி வளர்த்தால் தேளைக் கொத்தித் தின்னும் என்பது உண்மைதான், ஆனால் தேள் வெளியே வரும் நேரத்தில் கோழி தூங்கிக்கொண்டிருக்கும்.

செலவழிப்பதென்றால் ஒரு புற ஊதா டார்ச் வாங்குங்கள், கள்ள நோட்டுப் பார்க்க விற்பார்களே அந்த மாதிரி. தேளின் தோலில் உள்ள சில பொருட்கள் அந்த ஒளியில் பச்சை கலந்த நீலமாகப் பளிச்சென்று ஒளிரும். ஸ்பிரிட்டில் போட்டுக் காலேஜ் லேபில் வைத்திருக்கும் தேள்கூட ஒளிரும். அப்போதுதான் தோல் உரித்தது மட்டும் ஒளிராது. இருட்டியபின் காலில் ஷூ போட்டுக்கொண்டு, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, குளியலறை, துணி துவைக்கும் கல், பின்பக்கச் சுவர், விறகு இருந்த இடம் என்று ஒரு சுற்று வாருங்கள். டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். சில இரவுகள் பார்த்தால் உங்கள் வீட்டில் உண்மையில் எத்தனை இருக்கிறது, எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றும் கண்ணில் படாத இரவுகளும் வரும், அவற்றையும் கணக்கில் வையுங்கள்.

கண்ணில் பட்டால் கொல்வதா விடுவதா என்பது உங்கள் முடிவு. குழந்தை இருக்கும் வீட்டுக்குள் செந்தேளை அடிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அடிப்பதென்றால் நீண்ட கைப்பிடியுள்ள எதையாவது எடுங்கள், செருப்பைக் கழற்றிக் குனிந்து அடிக்காதீர்கள், செத்ததையும் கையால் எடுக்காதீர்கள். அடிக்க மனமில்லை என்றால் வழவழப்பான கண்ணாடி பாட்டிலை மேலே கவிழ்த்து, அடியில் கனமான அட்டையைச் செருகி நிமிர்த்துங்கள். சுத்தமான கண்ணாடியில் அதனால் ஏற முடியாது. மூடி போட்டதும் அவசரமில்லாமல் மேலிருந்து ஒரு படம் எடுங்கள், கிடுக்கியும் வாலும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி, அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து. அதை இங்கே போட்டால் செந்தேள்தானா என்று இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடியும்.